கோனோவீடர்: மூன்று போகம் தள்ளிப் பார்த்தவள் எழுதுகிறேன்

நெல் வயலில் கையால் தள்ளிக் களையை அமுக்கும் கருவிதான் கோனோவீடர். அதை வாங்கலாமா என்று தேடினால் இரண்டு வகைதான் கிடைக்கிறது. ஒன்று, விற்கிறவர்கள் போட்ட படம். வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டுச் சேறு இல்லாமல் ஒருவர் கருவியைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். இன்னொன்று, "களைகள் மண்ணில் அமுக்கப்பட்டு உரமாகின்றன" என்று கையேட்டு நடையில் நாலு வரி. தள்ளினவர்கள் யாரும் எழுதக் காணோம். தள்ளி முடித்த அன்று பேனா பிடிக்கத் தோள் இருக்காது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். எனக்கு மூன்று போகம் ஆகிவிட்டது, தோளும் பழகிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கும்பகோணத்துக்குக் கிழக்கே, ஆடுதுறைக்குச் சைக்கிளில் போய்வரும் தூரத்தில் இருக்கிறது. ஏழரை மா நிலம், அதாவது இரண்டரை ஏக்கர். அப்பாவுக்கு முட்டி போன பிறகு நான்தான் பார்க்கிறேன். களிமண், காய்ந்தால் கால் விரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கும், நனைந்தால் காலை விடாது. என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். களைக்கருவியைப் பற்றி எழுதும்போது உயரம் எதற்கு என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், மொத்தக் கதையும் அங்கேதான் வந்து நிற்கப்போகிறது.

களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். அதோடு நூறு நாள் வேலையைத் திட்டுவதும் ஒரு பழக்கமாகிவிட்டது. நான் திட்டமாட்டேன். எங்கள் ஊரில் ஆள் இருக்கிறது, ஆனால் எல்லா வயலுக்கும் ஒரே வாரத்தில் வேண்டும், அதுதான் சிக்கல். மூன்று வருடம் முன்பு குறுவைக்கு, இருபதாம் நாள் எடுக்க வேண்டிய களைக்குச் சித்தியின் ஆட்கள் முப்பத்தைந்தாம் நாள்தான் வர முடிந்தது. (சித்தி என்றால் சொந்தச் சித்தி இல்லை, எங்கள் தெருக்கோடியில் இருக்கிறவர், நடவுக்கும் களைக்கும் ஆள் சேர்த்துக் கூட்டி வருபவர்.) அதற்குள் கோரை பயிருக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு நின்றது. மாவுக்கு இரண்டு மூட்டை போயிற்று.

சரி, கருவி வாங்கிவிடலாம் என்று மானியத்துக்கு ஓர் அலுவலகத்தில் சிட்டா, அடங்கல், ஆதார் நகல் எல்லாம் கொடுத்தேன். நடவு முடிந்தது, அறுவடையும் முடிந்தது, அப்புறம் போன் வந்தது: "கருவி வந்திருக்கும்மா, நேர்ல வந்து கையெழுத்து போடுங்க." அதற்குள் கைக்காசு போட்டு ஒரு கடையில் வாங்கியிருந்தேன், இரண்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. இந்த வகைக் கருவிகள் ஏறத்தாழ எல்லாம் ஒரே அச்சுதான், வெல்டிங்கின் ஒழுங்குதான் வித்தியாசம்.

பார்க்க எப்படி இருக்கும் என்றால், தலை சீவிய கூம்பு போல இரண்டு உருளைகள் ஒன்றன்பின் ஒன்றாக. முன் உருளையின் அகலப்பக்கம் இடது கையில் இருந்தால் பின் உருளையின் அகலப்பக்கம் வலது கையில் இருக்கும். உருளை மேல் நீளவாக்கில் தகட்டுப் பட்டைகள், ஒன்று மழமழவென்று, அடுத்தது ரம்பப் பல்லோடு, இப்படி மாற்றி மாற்றி. அவற்றுக்கு முன்னால் படகு மூக்கு மாதிரி வளைந்த தகடு, அதுதான் மிதவை, உருளை சேற்றில் புதைந்துபோகாமல் தாங்குவது. பின்னால் நீளக் குழாய், முனையில் குறுக்குக் கைப்பிடி. அவ்வளவுதான். டீசல் இல்லை, கரண்ட் இல்லை. எங்கள் வீட்டுத் தராசில் ஆறு கிலோவும் சொச்சமும்.

கூம்பு எதற்கு என்று முதலில் எனக்கும் புரியவில்லை. நேரான உருளை நேராக ஓடும். கூம்பு ஓடாது, ஒரு ஐஸ்கிரீம் கோனைத் தரையில் உருட்டிப் பாருங்கள், வட்டம் போடத்தான் பார்க்கும். எதிரெதிராக வைத்த இரண்டு கூம்பும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, சட்டம் இரண்டையும் நேராகப் போ என்று இழுத்துப் பிடிக்க, அந்தச் சண்டையில் மேல்மண் மூன்று சென்டிமீட்டர் அப்படியும் இப்படியும் பிசையப்பட்டுக் களை வேரோடு பெயர்ந்து சேற்றுக்குள் போகிறது. இதை யோசித்த ஆளுக்கு ஒரு கும்பிடு.

யோசித்தது பிலிப்பைன்ஸில், லாஸ் பான்யோஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில். ஃபோர்டு, ராக்ஃபெல்லர் என்ற இரண்டு அமெரிக்க அறக்கட்டளைகள் பிலிப்பைன்ஸ் அரசோடு சேர்ந்து 1960-இல் தொடங்கிய நிலையம். நம் ஆட்கள் ஐ.ஆர். எட்டு, ஐ.ஆர். இருபது என்று சொல்கிறார்களே, அந்த ஐ.ஆர். இவர்கள் வைத்த பெயர்தான். 1966-இல் வந்த ஐ.ஆர். 8-க்குத் தாய் இந்தோனேசியாவின் பேட்டா, தகப்பன் தைவானின் ஒரு குட்டை நெல். விளைச்சலைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டு, சோற்றைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்களாம் எங்கள் வீட்டில்.

ஆனால் கோனோவீடருக்கு வேலை கிடைக்க வேண்டுமானால் பயிர் வரிசையில் இருக்க வேண்டும், வரிசை நடவோ பிலிப்பைன்ஸ் சரக்கு இல்லை. தாத்தா காலத்தில் அதற்கு "ஜப்பான் நடவு" என்று பெயர். 1953-இல் இந்திய அரசு ஜப்பான் முறை நெல் சாகுபடி என்று ஓர் இயக்கமே நடத்தியது, கயிறு கட்டி நடுவது, சுழல் களைக்கருவி ஓட்டுவது எல்லாம் அதில் வந்தவை. எங்கள் மாட்டுக்கொட்டகைப் பரணில் ஒரு துருப்பிடித்த சுழல் கருவி கிடந்தது, நான் சின்ன வயதில் அதைத் தேர் என்று இழுத்து விளையாடியிருக்கிறேன். ஆக எங்கள் வீட்டில் மூன்றாம் தலைமுறையாகக் களைக்கருவி வாங்குகிறோம். முதல் இரண்டு தலைமுறை அதைப் பரணில் போட்டதற்கும் காரணம் இருந்தது, அதுவும் கீழே வரும்.

மூன்றாவது துண்டு மடகாஸ்கரிலிருந்து. ஆன்ரி தெ லொலானியே என்ற பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் 1961-இல் அங்கே போய், முப்பது வருடத்துக்கும் மேல் அந்த ஊர் உழவர்களோடேயே கிடந்தவர். 1983-84 பருவத்தில் அவசரத்துக்குப் பதினைந்து நாள் நாற்றைப் பிடுங்கி நட வேண்டியதாகி, அது செத்துப்போகும் என்று எல்லாரும் நினைக்க, அது தூர் வெடித்து நின்றது. அங்கிருந்து வளர்ந்ததுதான் இளநாற்று, குத்துக்கு ஒன்று, அகல இடைவெளி, தண்ணீரைக் கட்டி வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலும், களையைக் கருவியால் மண்ணிலேயே அமுக்குவது என்ற முறை. நாம் திருந்திய நெல் சாகுபடி என்கிறோம். தமிழ்நாட்டில் ஒற்றை நாற்று நடவை நூறு வருடம் முன்பே செய்து பார்த்த பதிவுகள் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது சண்டைக்கு வருவார்கள்.

1990-இல் மடகாஸ்கரில் இதற்கென்றே ஒரு சங்கம் வந்தது, 1994-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்து ஆட்கள் அமெரிக்க அரசின் உதவிப் பணத்தோடு போய்ச் சேர்ந்தார்கள். ரனோமஃபானா காட்டைச் சுற்றி இருந்த ஜனங்கள் காட்டை எரித்து எரித்து மலைநெல் போட்டுக்கொண்டிருந்தார்கள், கீழே வயலில் விளைச்சல் கூடினால் காடு பிழைக்கும் என்பது கணக்கு. ஹெக்டேருக்கு 2 டன் எடுத்தவர்கள் 8 டன் எடுத்ததைப் பார்த்துவிட்டு நார்மன் அப்ஹாஃப் என்ற பேராசிரியர் ஊர் ஊராக, நாடு நாடாகச் சொல்ல ஆரம்பித்தார். அவர் அரசியல் படித்தவர், பயிரியல் படித்தவர் இல்லை. 1999-இல் சீனாவும் இந்தோனேசியாவும், 2000-இல் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சோதித்துப் பார்த்தன. 2003-04-இல் தாமிரபரணிப் படுகையில் நூறு உழவர் வயல்களில் வைத்துப் பார்த்ததில் ஹெக்டேருக்குச் சராசரியாக ஒன்றரை டன் கூடியது.

இங்கே ஒரு வேடிக்கை. 2004-இல் ஆய்வு இதழ்களில் பெரிய அடிதடி. இது விஞ்ஞானமா, வெறும் ஊர்ப்பேச்சா என்று. ஒரு கட்டுரை இந்த விளைச்சல் செய்திகளை யு.எஃப்.ஓ. என்றே கேலி செய்தது, உறுதி செய்யப்படாத வயல் சேதிகள் என்பதன் சுருக்கம்தானாம், ஆனால் படிக்கிறவர்களுக்குப் பறக்கும் தட்டுதானே ஞாபகம் வரும். எதிர்த்தவர்களில் லாஸ் பான்யோஸ் நிலையத்து விஞ்ஞானிகளும் இருந்தார்கள். இந்தியாவில் அந்த முறையைச் செய்தவர்கள் கையில் இருந்ததோ லாஸ் பான்யோஸ் கூம்பு! அறிவாளிகள் சண்டை போட்டுக்கொண்டிருக்க, இரண்டு பக்கத்துச் சரக்கும் ஒரே வயலில் ஓடிக்கொண்டிருந்தன. கேலி செய்தவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. 2011-இல் பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் ஒரு வயலில் ஹெக்டேருக்கு 22.4 டன் என்று செய்தி வந்தபோது, கலப்பின நெல்லின் தந்தை எனப்படும் சீனாவின் யுவான் லாங்பிங் அது நடக்கிற காரியமே இல்லை என்றார். எனக்கும் நம்பிக்கை வரவில்லை. 22 டன் என்றால் எங்கள் கணக்கில் மாவுக்கு ஏறத்தாழ ஐம்பது மூட்டை ஆகிறது, களத்தில் கொட்ட இடம் எங்கே?

அப்புறம் பணம். தமிழ்நாட்டில் இது பரவியதில் உலக வங்கிக் கடனில் 2007-இல் தொடங்கிய நீர்வள நிலவளத் திட்டத்துக்குப் பங்கு உண்டு. தண்ணீரை மிச்சப்படுத்து, பதிலுக்கு நடவுக்குக் கட்டம் போடும் மார்க்கரும் கோனோவீடரும் வாங்கிக்கொள் என்கிற மாதிரி ஊர் ஊராகப் போனது. 2010-இல் தஞ்சைப் பெரிய கோவிலுக்கு ஆயிரம் வருடம் என்பதால் அரசு இந்தச் சாகுபடிக்கு ராஜராஜன் 1000 என்று பெயரே வைத்தது. மடகாஸ்கர் பாதிரியார் 1995-இலேயே காலமாகிவிட்டார், தன் நாற்று சோழ மகாராஜா ஆனதை அவர் பார்க்கவில்லை.

ஆக என் கொட்டகையில் நிற்கும் இந்த இரண்டாயிரம் ரூபாய்ச் சாமானில் ஜப்பான் வரிசை, மடகாஸ்கர் நாற்று, பிலிப்பைன்ஸ் கூம்பு, வாஷிங்டன் உலக வங்கியின் கடன், கோவை ஆராய்ச்சி எல்லாம் இருக்கிறது. இத்தனை பேர் கூடிச் செய்த கருவியில் கைப்பிடி எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று மட்டும் தள்ளப்போகிறவளை யாரும் கேட்கவில்லை.

முதல் நாளைச் சொல்கிறேன். ஏழரை மாவில் இரண்டரை மாவை மட்டும் பரீட்சைக்கு ஒதுக்கியிருந்தேன். பாய் நாற்றங்கால், பதினான்கு நாள் நாற்று. "புல்லு மாதிரி இருக்கு, இதையா நடச் சொல்றே?" என்றார் சித்தி. மார்க்கர் இழுத்துக் கட்டம் போட்டு, 22.5 சென்டிமீட்டர், நம் கணக்கில் ஒரு சாண், சதுரத்துக்குச் சதுரம் நட்டோம். நட்ட அன்று வயலைப் பார்த்தால் வெறும் வயல். எதிர் வயல்காரர் வரப்பில் நின்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனார். பன்னிரண்டாம் நாள் கருவியை இறக்கினேன்.

கைப்பிடி என் மார்புக்கு வந்தது. தள்ளும் எந்தச் சாமானுக்கும் கைப்பிடி இடுப்புக்கும் முழங்கைக்கும் நடுவில் இருந்தால்தான் உடம்பின் எடை வேலை செய்யும், மார்பு உயரத்தில் இருந்தால் தோள் மட்டும்தான் வேலை செய்யும். களிமண்ணில், கணுக்கால் சேற்றில், ஆறு கிலோவை முன்னே தள்ளி, கொஞ்சம் பின்னே இழுத்து, மறுபடி தள்ளி. பத்து வரிசையில் தோள்பட்டை எரிந்தது. கைப்பிடிக் குழாயின் முனையை ரம்பத்தில் அறுத்தவர்கள் அரம் போடாமல் விட்டிருந்ததால் உள்ளங்கையில் வேறு கிழித்தது. அன்றைக்கு அரை மாவோடு ஏறிவிட்டேன். தாத்தாவும் அப்பாவும் ஏன் பரணில் போட்டார்கள் என்று அன்றே புரிந்தது. அவர்கள் போட்டதற்கு வீட்டில் வேறு ஒரு காரணமும் சொல்வார்கள்: களை எடுப்பது பெண்கள் வேலை, கருவி தள்ளுவது ஆண்கள் வேலை, ஆணுக்குக் கூலி அதிகம், அப்புறம் என்ன லாபம்?

இதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. கருவி வந்தால் குனிந்து களை எடுக்கும் பெண்களின் இடுப்பு தப்பிக்கும் என்று எழுதுவார்கள், உண்மைதான், இடுப்போடு சேர்ந்து கூலியும் தப்பித்துப் போய்விடும். தாமிரபரணிச் சோதனையிலேயே பெண்களின் வேலை நாள் குறைந்து ஆண்களின் வேலை நாள் கூடியதைக் குறித்திருக்கிறார்கள். சித்தி என்னிடம் நேராகவே கேட்டார்: "நீ இந்த வண்டியை ஓட்டிக்கிட்டா நாங்க எங்க போறது?" எனக்குப் பதில் இல்லை.

பதில் பட்டறையில் கிடைத்தது, பாதிப் பதில். எங்கள் ஊர் முனையில் கலப்பைக்குக் கொழு அடிக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். கருவியைக் கொண்டுபோய்ப் போட்டேன். அவர் என்னை நிற்கச் சொல்லி முழங்கை உயரத்தைச் சணலால் அளந்தார். குழாயில் ஒரு முழம் போல வெட்டி, சட்டத்தில் சேரும் இடத்தில் மூன்று ஓட்டை போட்டு, சாய்வை மாற்றிக்கொள்கிற மாதிரி போல்ட் வைத்தார். உருளை அச்சில் இருந்த பிளாஸ்டிக் புஷ் ஏற்கெனவே சேறு தின்று ஆடிக்கொண்டிருந்தது, அதை எடுத்துவிட்டுப் பித்தளையில் கடைந்து போட்டார். மிதவை முனையை இன்னும் கொஞ்சம் தூக்கி வளைத்தார், எங்கள் களிமண்ணுக்கு அது மூக்கை நட்டுக்கொண்டே இருந்தது. எல்லாம் சேர்ந்து நானூற்றைம்பது ரூபாய். தராசில் ஒரு கிலோ குறைந்தது, ஆனால் கைக்கு மூன்று கிலோ குறைந்த மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் சித்தியும் தள்ளிப் பார்த்தார். இரண்டாம் களைக்கு அவரும் இன்னொரு அக்காவும் வந்தார்கள், ஒருவர் தள்ள, ஒருவர் குத்தோடு ஒட்டிய களையைக் கையால் எடுக்க, அரை மணிக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டார்கள். கருவி தள்ளுகிற ஆணுக்கு என்ன கூலியோ அதைத்தான் கொடுத்தேன். ஊரில் இரண்டு பேர் "கூலியைக் கெடுக்கிறாயே" என்று கோபித்துக்கொண்டார்கள். கோபித்தால் கோபிக்கட்டும்.

வேலை எப்படி என்றால், நேரம் தவறாமல் இறக்கினால் அருமை. களை இரண்டு மூன்று இலையில் இருக்கும்போது, அதாவது பத்து பன்னிரண்டாம் நாள் முதல் ஓட்டு, அப்புறம் பத்து நாளுக்கு ஒருமுறை. குதிரைவாலிக் களை, ஆரை எல்லாம் சுத்தமாக உள்ளே போய்விடுகிறது. ஓட்டிய நாலாம் நாள் பயிர் ஒரு மாதிரிக் கரும்பச்சை காட்டும் பாருங்கள், யூரியா போட்டோமா என்று நமக்கே சந்தேகம் வரும். ஒரு குத்தைப் பிடுங்கிப் பார்த்தேன், வேர் வெள்ளை வெளேர் என்று இருந்தது, பக்கத்து வயலில் பழுப்பு. களை இல்லாவிட்டாலும் ஓட்டு என்று சொல்வதன் அர்த்தம் அதுதான், மண்ணுக்கு மூச்சு.

நேரம் தவறினால் தொல்லை. இருபத்தைந்து நாளுக்கு மேல் விட்டால் கோரை உருளையில் தலைமுடி மாதிரி சுற்றிக்கொள்ளும், நாலடிக்கு ஒருமுறை நின்று அறுத்தெடுக்க வேண்டும். கோரைக் கிழங்கை இது ஒன்றும் செய்யாது, மேலே சிரைத்துவிட்டுப் போகும், பத்து நாளில் மறுபடி வரும். வயலில் தண்ணீர் இரண்டு விரல் உயரம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மண் உருளையில் அப்பிக்கொண்டு லட்டு மாதிரி ஆகிவிடும். அதிகமானால் பெயர்ந்த களை மிதந்து போய் வேறிடத்தில் வேர் விடும். நாற்று வரிசை விலகியிருந்தால் கருவிக்கு இரக்கமே கிடையாது. முதல் ஓட்டில் நானே இருபது முப்பது குத்தை மென்றிருப்பேன். குறுக்கும் நெடுக்கும் இரண்டு பக்கமும் ஓட்டினால்தான் முழுப் பலன், அதற்குச் சதுர நடவு கட்டாயம். குத்தோடு ஒட்டிய களைக்குக் கைதான். இப்போது என்னால் ஒரு நாளில் முக்கால் மா ஓட்ட முடிகிறது. நல்ல ஆண் ஆள் ஒரு மாவுக்கு மேல் போவார். ஒரு நாளில் ஒரு ஏக்கர் என்று கடைக்காரர் சொன்னால் அவரையே இறக்கி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாம் போகம் தாளடி. ஐப்பசி மழையில் முழங்கால் தண்ணீர், கருவி கொட்டகையில்தான் இருந்தது. பரீட்சை வயலும் மற்ற வயலும் ஒரே மாதிரி நாசம். அந்த மழையில் எங்களுக்குக் கிழக்கே சம்பா போட்டிருந்தவர்களில் சி.ஆர். 1009 சப் 1 என்ற நெல் ரகம் நட்டவர்கள் மட்டும் தப்பித்தார்கள், பத்து நாளுக்கு மேல் மூழ்கிக் கிடந்தும் எழுந்தது. அந்த சப் 1 ஒடிசாவின் பழைய நாட்டு நெல் ஒன்றில் இருந்த மரபணு. கலிபோர்னியாவிலும் லாஸ் பான்யோஸிலும் பிரித்தறிந்து 2006-இல் வெளியிட்டார்கள், இரண்டு வாரம் வரை மூழ்கலைத் தாங்கும். ஊர் சுற்றி வந்த நாட்டு நெல். விதைக்குள் வந்துவிட்டால் யார் உயரம் என்ன என்ற பிரச்சினை இல்லை, மூட்டையைப் பிரித்து விதைத்தால் போதும். கருவியாக வரும்போதுதான் உடம்பு குறுக்கே வருகிறது.

கோனோவீடரோடு கூடவே ஓர் இலை வண்ண அட்டையும் வாங்கினேன், அதையும் இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூட ஸ்கேல் மாதிரி பிளாஸ்டிக், வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை பட்டைகள். இதுவும் ஜப்பானில் மாதிரி பிறந்து, லாஸ் பான்யோஸில் திருத்தி, இங்கே வந்தது. நட்ட பதினான்காம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலை எட்டு முதல் பத்து மணிக்குள், வெயில் படாமல் உங்கள் நிழலிலேயே பத்து இலையை வைத்துப் பார்க்க வேண்டும். ஆறு இலையாவது நாலாம் பட்டையைவிட வெளுத்திருந்தால் யூரியா போடு, இல்லாவிட்டால் மூட்டையைத் தொடாதே. வெள்ளைப் பொன்னிக்கு மட்டும் மூன்றாம் பட்டை, அது அதிகம் தின்றால் சாய்ந்துவிடும். (அந்தப் பொன்னியின் பூர்வீகத்தைக் கிளறினால் மலேசியாவின் மஷூரி, அதன் பெற்றோரில் ஒன்று தைவான், கலப்பு நடந்தது ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1950-களில் கட்டாக்கில் நடத்திய திட்டத்தில். நம் காவிரியின் பெயரை அதற்கு வைத்துவிட்டு நாம் நிம்மதியாக இருக்கிறோம்.) என் அனுபவத்தில் போகத்துக்கு ஒரு தவணை யூரியா மிச்சம். குறை ஒன்றுதான், வெயிலில் போட்டு வைத்தால் அட்டையின் பச்சையே வெளுத்துப்போகும். அப்புறம் எல்லாப் பயிரும் நன்றாக இருக்கிற மாதிரிதான் தெரியும். டிரங்குப் பெட்டியில் வையுங்கள்.

விளைச்சல் கணக்கு. முதல் குறுவையில் பரீட்சை வயலில் மாவுக்கு 12 மூட்டை, மற்றதில் 10. தாளடி பேச்சே வேண்டாம். மூன்றாம் போகம், மறுபடி குறுவை, ஐந்து மாவில் செய்தேன், 11.5 வந்தது, மீதியில் 10.5. இதில் கருவிக்கு எவ்வளவு பங்கு, இளநாற்றுக்கு எவ்வளவு, கருவி இருக்கிறதே என்று தினமும் நான் வயலில் போய் நின்றதற்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 2004-இல் அவ்வளவு பெரிய ஆட்கள் போட்ட சண்டையும் இதுதானே. களைச் செலவு மட்டும் திட்டமாகச் சொல்லலாம், பாதிக்குச் சற்று மேல் குறைந்தது, அதுவும் ஆண் கூலி கொடுத்த பிறகு.

மாலியில் திம்புக்டு பக்கம், பாலைவன ஓரத்தில், 2008-இல் அறுபது உழவர்கள் இதே முறையைச் செய்தார்கள். ஹெக்டேருக்குச் சராசரி 9 டன் வந்தது. அதைப் படித்தபோது எனக்கு விளைச்சல் கணக்கைவிட அங்கே கைப்பிடி யார் உயரத்துக்கு இருந்தது என்றுதான் ஓடியது. பட்டறை அண்ணன் மாதிரி ஒருவர் அங்கேயும் இருந்திருந்தால் நல்லது.

வாங்கலாமா? இயந்திர நடவு போட்டவர்கள் வாங்கலாம், ஆனால் ஒரு பக்கம்தான் ஓட்ட முடியும், குறுக்கே போகாது. கைத்தெளி, புழுதி விதைப்பு என்றால் காசை வீணாக்காதீர்கள், வரிசையே இல்லாத இடத்தில் இது என்ன செய்யும்? வரிசையாக விதை போடும் டிரம் சீடரில் விதைத்திருந்தால் ஓரளவு ஓடும். ஐந்து ஏக்கருக்கு மேல் இருந்தால் மோட்டார் வைத்த பவர் வீடரைப் பாருங்கள், அதன் எடையும் சத்தமும் எனக்கு ஒத்துவரவில்லை. இரண்டு மூன்று ஏக்கர், சதுர நடவு, நேரத்துக்கு மடை திறக்கத் தண்ணீர், இது மூன்றும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால் கடையிலிருந்து வந்தபடி இரண்டு, பட்டறையிலிருந்து வந்த பிறகு நான்கு.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே உருளையைக் கையால் சுழற்றிப் பாருங்கள், ஆடினால் வேண்டாம். ரம்பப் பட்டைகளின் வெல்டிங் இரண்டு முனையிலும் முழுதாக ஓடியிருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள், பொட்டுப் பொட்டாக வைத்திருந்தால் ஒரே போகத்தில் பெயரும். கைப்பிடியைப் பிடித்து நில்லுங்கள், முழங்கைக்கு மேலே இருந்தால் அப்போதே வெட்டித் தரச் சொல்லுங்கள். ஓட்டி முடித்த அன்றே கழுவி, அச்சில் விளக்கெண்ணெய் விட்டு, நிற்க வையாமல் படுக்க வையுங்கள். மடியில் பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று இருக்கட்டும், என்னுடையதில் மிதவை போல்ட் நாற்பது வரிசைக்கு ஒருமுறை தளர்கிறது.

சித்தி இப்போது ஒன்று சொந்தமாக வாங்கியிருக்கிறார். போன வாரம் பட்டறையில் அதற்கு அளவெடுத்தார்கள். அவர் என்னைவிட இரண்டு அங்குலம் குட்டை.